மாத்திரை சாப்பிட்டியா என்று அம்மா கேட்டதே இல்லை

என் அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். 1986-ல் வேலைக்குச் சேர்ந்து 2019-ல் ஓய்வு பெற்றார். தருமபுரி மாவட்டத்தில் அரூரைத் தாண்டி இருக்கிற மலையடிவார ஊர்கள்தான் அவருக்குப் பெரும்பாலும் கிடைத்தவை. அங்கே அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் நர்சம்மாதான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பள்ளிக்கூட லீவு நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தோளில் ஒரு பை, அதில் எடை பார்க்கிற தராசு, ரத்தம் பார்க்கிற கண்ணாடிக் குழாய், நாலைந்து பதிவேடு. கையில் தடுப்பூசிக்கான ஐஸ் பெட்டி. வாசலில் நின்றபடியே, உள்ளே கர்ப்பமாக இருக்கிற அக்காவைப் பார்த்து அவர் கேட்கிற முதல் கேள்வி: "என்ன கண்ணு, வெளிய போனா கருப்பா போகுதா?"

எனக்கு அப்போது பத்து, பதினொன்று வயது இருக்கும். வெட்கமாகப் போய்விடும். ஊரில் உள்ள பெண்களிடம் எல்லாம் இதையா கேட்பது என்று திண்ணையில் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

விஷயம் என்னவென்றால், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும். "மாத்திரை சாப்பிட்டியா" என்று கேட்டால் எல்லாருமே "சாப்பிட்டேங்க நர்சம்மா" என்றுதான் சொல்வார்கள். அது பொய் சொல்லவேண்டும் என்று சொல்வது இல்லை, வீடு தேடி வந்த மனுஷியிடம் இல்லை என்று சொல்ல மனசு வராது, அவ்வளவுதான். ஆனால் மாத்திரையைத் தொடாத ஒருத்திக்குக் கருப்பாகப் போகும் என்பதே தெரியாது. "இல்லீங்களே, எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிடுவாள். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அரை மணி நேரம் பேச்சு, பெரும்பாலும் மாமியாரோடு.

இந்தக் கேள்வியை அவருக்குப் பயிற்சியில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1996-ல் அவருடைய பகுதியில் ஒரு அக்கா பிரசவத்தில் இறந்துபோனார். மூன்றாவது குழந்தை, வீட்டிலேயே வலி எடுத்து நல்லபடியாகப் பிறந்தது. அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. டெம்போ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உடம்பில் ரத்தம் இருக்கிறவள் தாங்கிக்கொள்கிற ரத்தப்போக்கை ரத்தசோகை உள்ளவளால் தாங்க முடியாது. பிரசவ நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போவதற்கான காரணம் பல மாதங்களுக்கு முன்பே அந்த உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 1994-லிருந்தே ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரிக்கிற ஏற்பாடு உண்டு. அது உண்மையிலேயே பெரிய காரியம். இதற்கும் விசாரணை நடந்தது. எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நூறு என்றார் அம்மா. பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மா போயிருந்தார். அந்த அக்காவின் மாமியார் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்து, "இது உங்களுதுங்க, வேற யாருக்காச்சும் ஆகும்" என்றாராம். பொட்டலம் பொட்டலமாக மாத்திரை. வீட்டுக்கு வந்து தரையில் கொட்டி எண்ணினார். 92. அந்த மாத்திரைகளுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஏன் சாப்பிடவில்லை? மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெருசாகிவிடும், சுகப்பிரசவம் ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு. குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்று இன்னொரு பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வாரம் சாப்பிட்டபோது குமட்டிக்கொண்டு வந்து காட்டு வேலைக்குப் போக முடியவில்லை. அன்றைய கூலி போய்விட்டது. "அவங்க மேல தப்பே இல்ல, குமட்டத்தான் செய்யும். சோறு தின்ன பிறகு போடு, நாலு நாள்ல பழகிடும்னு நான்தான் சொல்லாம வந்துட்டேன்" என்று அம்மா பல வருஷம் கழித்தும் சொல்வார்.

கொடுத்தது 100. உள்ளே போனது 8. தாய் சேய் நலத் திட்டங்களையும் வளரிளம் பெண்களுக்கான திட்டங்களையும் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு இந்த இரண்டு எண்களும்தான் ஞாபகம் வருகின்றன.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் வியாழக்கிழமைதான் மாத்திரை நாள். வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரை, நீல நிறத்தில் இருக்கும். கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு. நான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிதில் காலை இறைவணக்கம் முடிந்த கையோடு வகுப்பில் கொடுத்துவிடுவார்கள். பதிவேட்டில் எல்லாருக்கும் டிக். ஒரு மழை நாளில் வகுப்பறைக்குப் பின்னால் இருக்கிற சாக்கடை அடைத்துக்கொண்டது. துப்புரவு செய்கிற அம்மா குச்சியால் கிளறும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். நீலம் வெளுத்துப்போன மாத்திரைகள். சில முழுசாக, சில பாதி கரைந்து. ஐம்பது, அறுபது இருக்கும்.

நான் யாரையும் திட்டவில்லை, திட்டவும் தோன்றவில்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். 42 பேரில் 19 பேர் வெறும் டீ. ஊர் பஸ் காலை ஏழு மணிக்கு, அதை விட்டால் ஒன்பதரைக்குத்தான். ஏழு மணிக்கு முன்னால் எந்த வீட்டில் சோறு ஆகும்? வெறும் வயிற்றில், டீ குடித்த வாயோடு, இரும்புச் சத்து மாத்திரை. குமட்டும். இதில் டீ வேறு, இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதையே தடுக்கும். முழுங்கினாலும் பாதி வீண்.

செய்தது ரொம்பச் சின்ன விஷயம். மாத்திரையை மதிய உணவுக்குப் பிறகு மாற்றினோம். தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார், கூடவே சத்துணவு அமைப்பாளரிடமும் சொல்லிவைத்தார். நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் முன்னால் ஒன்று போட்டுக்கொள்கிறேன். எனக்கும் ரத்தம் குறைவுதான், ஹீமோகுளோபின் 10.4 கிராம். அந்த எண்ணையும் அவர்களிடம் சொன்னேன். நம் வயசுப் பெண்களுக்கு 12 இருக்கணும், எனக்கே இல்லை, பார்க்கலாம் யாருக்கு முதலில் ஏறுகிறது என்று. அப்புறம் அம்மாவின் கேள்வி. அதை நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் கேட்க முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாளைக்குக் கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள், நோய் இல்லை, மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பெண் எழுந்து, "மிஸ், அதைப் பார்த்து பயந்துதான் எங்கம்மா நிறுத்தச் சொல்லிடுச்சு" என்றாள். ஒரு வரி. அந்த ஒரு வரியை யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஏழை மாநிலமோ பின்தங்கிய மாநிலமோ இல்லை என்பதால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி, எல்லாம் இருக்கிறது. 1996-ல் டெம்போவில் இறந்த அக்காவுக்கு இதில் ஒன்று இருந்திருந்தாலும் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார். அந்த வகையில் நாம் வந்திருக்கிற தூரம் சாதாரணமானது இல்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. பாதிக்குப் பாதி. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார்கள் 2018-20-ல் இங்கே 54, பக்கத்தில் கேரளாவில் 19. கட்டடம், வண்டி, பணம் என்று கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்த இடத்தில் எல்லாம் ஜெயித்திருக்கிறோம். தினமும் ஒருத்தி தன் வீட்டுக்குள் தானே செய்துகொள்ள வேண்டிய இடத்தில்தான் நிற்கிறோம்.

நாப்கின் விஷயமும் இதேதான். 2012-ல் இலவச நாப்கின் தருகிற புதுயுகம் திட்டம் வந்தபோது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் துணி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன தலைமுறை. வருஷத்துக்கு ஒரு பெண்ணுக்கு 18 பாக்கெட், ஒரு பாக்கெட்டில் 6. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 9. ஐந்து நாள் மாதவிடாய், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்று நாங்களே பாடம் நடத்துகிறோம், அப்படி மாற்றினால் 20 வேண்டும். ஆக பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? காலை ஏழு மணிக்கு வைத்ததோடு மாலை ஐந்தரை வரை உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் அந்த நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லை, பாத்ரூம் போகவேண்டி வரும் என்று.

எண்ணிக்கை மட்டும்தான் காரணம் என்று நினைத்தேன். ஒரு நாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் கழிப்பறைக்கே போய், இங்கே என்ன இருந்தால் மாற்றுவீர்கள் என்று கேட்டேன். நாப்கினை எரிக்கிற இன்சினரேட்டர் வேண்டும், கண்ணாடி வேண்டும் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தி சொன்னாள், "ஆணி வேணும் மிஸ்." எனக்குப் புரியவில்லை. சுடிதார் பேன்ட்டைக் கழற்றினால் மாட்ட இடம் இல்லை, கீழே ஈரம், ஒரு கையில் பேன்ட், ஒரு கையில் நாப்கின், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் காலை நீட்டிக் கதவை அழுத்திக்கொள்ளவேண்டும். அவள் அதைச் செய்தே காட்டினாள். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நான் அழுதுவிடுவேனோ என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரமே ஆறு தாழ்ப்பாள், ஆறு ஆணி, மூடி போட்ட இரண்டு குப்பைக்கூடை வாங்கினோம். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் ஆயிரம் ரூபாய் கூட ஆகவில்லை. திட்டம் போடுகிற யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆணி வேண்டும் என்பது அந்தக் கழிப்பறைக்குள் நின்று பேன்ட்டைக் கழற்றுகிறவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம், அவளை யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான பகுதி. எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு பெண் வரவில்லை. விசாரித்தபோது சொந்தத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது, பெங்களூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். வயது 17. ஏழெட்டு மாதம் கழித்து பிரசவத்துக்காக ஊருக்கு வந்திருந்தாள். அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவு செய்யவில்லை. ஏன் என்றால், வயசைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள், மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். பயத்தில் நியாயமும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ள ஒரு பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவரோ செவிலியரோ தகவல் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. மகப்பேறு உதவித் தொகையும் 19 வயது முடிந்தவர்களுக்குத்தான். ஆக, இருக்கிறதிலேயே அதிக ஆபத்தில் இருக்கிறவள், வளர்ந்து முடியாத இடுப்பும் 8 கிராம் ரத்தமுமாக வருகிறவள், அவளுக்குத்தான் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைத் திருமணத்தை நிறுத்தச் சொல்லி குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே போன் செய்திருக்கிறேன், இன்னொரு தடவை தேவைப்பட்டாலும் செய்வேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று, கர்ப்பமான பிறகு செய்யவேண்டியது வேறு. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தொட்டது. கருக்கலைப்புக்காக வருகிற 18 வயதுக்குக் கீழான பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தகவல் சொல்லும்போது அவள் பெயர், அடையாளம் எதையும் சொல்லவேண்டியதில்லை என்றது. கருவைச் சுமக்கிற பெண்ணுக்கும் இதே பாதுகாப்பு இருந்தால் என்ன என்பது என் கேள்வி. முதல் மூன்று மாதத்தில் அவள் வந்து ரத்தம் பார்த்து, ஸ்கேன் எடுத்து, பிபி பார்த்திருக்க முடியும்.

ஓய்வு பெற்ற அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். அம்மா வயசைப் பற்றி, சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், "எப்ப கடைசியா வயிறு நிறைய சாப்பிட்ட கண்ணு?" என்று கேட்டார். அவள் உடைந்து அழுதாள். மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள். இரும்புச் சத்து ஊசி ஏற்றினார்கள், பிரசவம் நல்லபடியாக ஆனது. கேஸும் ஆனது, அந்தக் குடும்பம் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் நடந்தது, நான் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை.

அம்மா செய்ததை இன்றைக்கு இருக்கிற கிராம சுகாதார செவிலியர் செய்யமுடியுமா என்றால், நேரம் இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர் என்பது விதி. அம்மாவின் கடைசிப் பத்து வருஷத்தில் வேலை பாதி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பதிவேட்டில் ஒரு தடவை, அதையே ஆன்லைனில் ஒரு தடவை, மாதக் கூட்டத்துக்கு ஒரு தாளில் இன்னொரு தடவை. ராத்திரி என்னை உட்காரவைத்து ஏற்றச் சொல்வார். "ஒரு வீட்ல அரை மணி நேரம் ஒக்காந்தா மூணு வீடு விட்டுப்போகுது, மூணு வீடு விட்டுப்போனா மீட்டிங்ல நிக்க வைக்கிறாங்க" என்பார். கணக்கு வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய குறை வேறு. எத்தனை மாத்திரை கொடுத்தாய் என்று மாதாமாதம் கேட்கிறவர்கள், பதிவு செய்தபோது ஹீமோகுளோபின் 8.5 இருந்த பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் எவ்வளவு ஆனது என்று கேட்பதில்லை. இத்தனைக்கும் அந்த இரண்டு எண்களும் அதே பதிவேட்டில், ஒரே வரியில் இருக்கின்றன. கழித்துப் பார்த்தால் போதும். அதோடு, மேற்பார்வைக்கு வருகிறவர் மாதம் பத்து வீட்டுக்குப் போய், மீதி எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, திட்டாமல் காரணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வரலாம். திட்டினால் அடுத்த மாதம் அந்த மாத்திரை கிணற்றுக்குப் போகும், எண்ணிக்கை சரியாக இருக்கும்.

பாடப் புத்தகத்தைப் பற்றியும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கம், இனப்பெருக்க நலன் என்று நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஆனால் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டும். வணிகவியல், தொழிற்கல்வி எடுத்த பிள்ளைகளுக்குக் கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்று கல்யாணமாகிப் போகிறவளுக்கு நிச்சயமாகக் கிடையாது. அவளுக்குத்தான் முதலில் தேவைப்படும்.

அதனால் போன வருஷத்திலிருந்து நூலகத்தில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். ஷூ வாங்கிய பெட்டி, மேலே ஒரு கீறல். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்றாலும் பெயர் எழுதாமல் சீட்டு போடலாம். முதல் இரண்டு வாரம் காலியாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒன்று, பென்சிலில்: "வெள்ளையா போகுது. எலும்பு உருகுதுன்னு பாட்டி சொல்லுது. செத்துடுவேனா." அதற்கு வியாழக்கிழமை மாத்திரை போட்ட பிறகு, பெயர் எதுவும் சொல்லாமல் எல்லாருக்கும் பொதுவாகப் பதில் சொன்னேன். நிறம், நாற்றம், அரிப்பு இல்லாமல் வெள்ளைப்படுதல் வந்தால் அது உடம்பின் இயல்பு, எலும்பு எதுவும் உருகவில்லை, அரிப்போ நாற்றமோ இருந்தால் மருந்து இருக்கிறது, கூட நான் வருகிறேன் என்று. அடுத்த வாரம் 23 சீட்டு. கோயில் திருவிழாவுக்கு நாள் தள்ளிப்போக மாத்திரை போடலாமா, மூன்று மாதமாக வரவில்லை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது, மாமா பையனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசுகிறார்கள், வேண்டாம் என்று யாரிடம் சொல்வது.

பாதிக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியும், மீதிக்கு ஒரு டாக்டர் வேண்டும். வருகிற மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டரம்மா ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முகாம் மாதிரி பேனர், மேடை, போட்டோ எதுவும் வேண்டாம், நூலகத்தில் பாய் விரித்து வைக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால் போதும் என்று கேட்டிருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார். சீட்டுகளை இப்போதே அவரிடம் கொடுத்துவிட்டேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துத் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.